காளான் பிரட்டல் ஏன் தண்ணீராகப் போகிறது?

தங்கச்சி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சிச் சந்தையில் 200 கிராம் சிப்பிக் காளான் பக்கற் இரண்டு வாங்கிச் சோற்றுக்குப் பிரட்டல் வைக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் சட்டி நிறையத் தண்ணீர் விட்டுவிடுகிறது. வற்றும் வரை அடுப்பில் வைத்தால் காளான் இறப்பர் மாதிரி இழுபடுகிறது, தூளின் பச்சை மணமும் போவதில்லை. வெள்ளிக்கிழமைச் சைவச் சாப்பாட்டில் பிள்ளைகள் ஒதுக்கி வைக்காமல் சாப்பிடுகிற மாதிரி ஒரு கறி வேண்டும். இன்னும் இரண்டு விடயமும் கேட்டிருக்கிறீர்கள்: மழைக்கு வளவுப் புற்றில் முளைக்கிற காளானை எடுத்துச் சமைக்கலாமா, பிரிட்ஜ் இல்லாத வீட்டில் காளானை எப்படி வைத்துக்கொள்வது.

நான் முல்லைத்தீவுப் பக்கம். மீள்குடியேறி வந்த பிறகு வீட்டோடு இருந்து செய்யக்கூடிய தொழில் என்று எங்கள் பக்கத்தில் கன பெண்கள் காளான் கொட்டில் போட்டார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. மரத்தூளோடு தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு ஈரமாக்கி, பையில் இறுக்கி, பரலில் வைத்து அவித்து, ஆறின பிறகு வித்துப் போடுவோம். சில கிழமைகளில் பை முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளை பிடித்துவிடும். பையைத் திறந்து தண்ணீர் தெளித்து வந்தால் தீக்குச்சித் தலை அளவில் மொட்டுகள் வரும். இன்று மொட்டாக இருந்தது இரண்டு மூன்று நாளில் உள்ளங்கை அளவு விரிந்து நிற்கும். அவ்வளவு வேகமாகப் பெருக்கிற பொருளுக்குள் இருப்பது என்ன? தண்ணீர்தான். 100 கிராம் சிப்பிக் காளானில் 90 கிராம் அளவு தண்ணீர். நீங்கள் வாங்குகிற இரண்டு பக்கற்றில் 360 கிராம் தண்ணீரும் 40 கிராம் காளானும் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கறியில் வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அதிலேயே இருக்கிறது.

அந்தத் தண்ணீரைத் தூள் போடுவதற்கு முதல் வெளியேற்ற வேண்டும். உங்கள் கறி கெடுவது இந்த ஓர் இடத்தில்தான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கத்தரிக்காய்க்கும் உருளைக்கிழங்குக்கும் செய்கிற மாதிரி வெங்காயம் வதக்கி, தூள் போட்டு, உப்புப் போட்டு, காளானைக் கொட்டி மூடியிருக்கிறீர்கள். மரக்கறிக்கு அது சரியான முறை. காளானுக்குச் சரிவராது. மூடி போட்டதும் காளான் தன் தண்ணீரிலேயே அவியத் தொடங்கும். சட்டிக்குள் தண்ணீர் நிற்கும் வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. தாண்டாவிட்டால் எதுவும் சிவக்காது. சிவக்காத காளானுக்கு மணமும் வராது, பல்லுக்குப் பதமும் வராது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு குடிபூரல் வீட்டில். தெரிந்தவர்கள் புது வீடு கட்டி, அன்றைக்குச் சைவச் சமையல். என் கொட்டிலில் பறித்த ஐந்து கிலோ காளானை நானே கொண்டுபோய், நானே சமைக்கிறேன் என்று பொறுப்பெடுத்தேன். பெரிய தாச்சி, விறகடுப்பு. வெங்காயமும் தூளும் வதங்கி மணத்ததும் ஐந்து கிலோவையும் ஒரேயடியாகக் கொட்டினேன். மலை மாதிரி இருந்தது. பத்து நிமிடத்தில் மலை இறங்கி, சாம்பல் நிறத் தண்ணீரில் காளான் மிதந்தது. மேலே தூள் திட்டுத் திட்டாக நின்றது. மலையைப் பார்த்து அளந்து போட்ட உப்பு, வற்ற வற்றக் கரித்தது. பந்தி போட நேரமாகிவிட்டது. கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு, உருளைக்கிழங்கு அவித்துப் போட்டு, குழம்பென்று பரிமாறினோம். சாப்பிட்டவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிழமை முழுக்க வீட்டில் கால் கிலோ கால் கிலோவாக வைத்து வேறு வேறு விதமாகச் செய்து பார்த்தேன். இப்போது சொல்லப்போவது அப்படிச் செய்து பார்த்துப் பிடிபட்ட முறை.

முதலில் துப்புரவாக்குவது. கொட்டிலில் வளர்ந்த காளானில் அழுக்கு அதிகம் இருக்காது, அடியில் மரத்தூள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். தண்டின் அடிக்கட்டையை ஒரு விரற்கடை அளவு வெட்டி எறியுங்கள். கொத்தெல்லாம் சேர்ந்து நிற்கிற அந்த இடம்தான் உண்மையில் இறப்பர். எவ்வளவு சமைத்தாலும் மாறாது. அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், அது காளானின் வேர் நூல்தான். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் மட்டும் எறிந்துவிடுங்கள். கழுவலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கழுவலாம். ஓடுகிற தண்ணீரில் ஒரு அலசு அலசி, உடனே ஒரு பழைய பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். ஊறப் போட வேண்டாம். மஞ்சள் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காளான் கீழ்ப்பக்கச் செதிலுக்குள் தண்ணீரைத் தேக்கிக்கொள்ளும், பிறகு அடுப்பில் உங்களுக்கு இரட்டை வேலை.

கத்தி வேண்டாம். குடையின் ஓரத்தில் பிடித்துத் தண்டுப் பக்கமாக இழுத்தால், செதில் ஓடுகிற வழியே தானாகக் கிழியும். சின்ன விரல் அகலத்துக்குக் கிழியுங்கள். கிழிந்த ஓரம் ஒழுங்கில்லாமல் நார் நாராக இருக்கும், அந்த நார்தான் பிறகு சிவந்து மொறுமொறுக்கும். கத்தியால் வெட்டிய வழவழப்பான ஓரத்தில் அது வராது. கையால் கிழித்த துண்டைக் கண்ட பிள்ளைகள் கோழி இறைச்சி என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

சாமான்கள்: காளான் 400 கிராம், சின்ன வெங்காயம் ஒரு பிடி, உள்ளி நாலைந்து பல்லு, பச்சை மிளகாய் இரண்டு, ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, விரல் நீள ரம்பைத் துண்டு, கடுகும் பெருஞ்சீரகமும் அரை அரைத் தேக்கரண்டி, வீட்டுக் கறித்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, தடித்த முதற்பால் கால் தம்ளர், எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, பாதித் தேசிக்காய். நாலு பேருக்குச் சோற்றோடு காணும். கறித்தூள் என்று நான் சொல்வது செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் மிளகும் வறுத்து இடித்த எங்கள் தூள். வெறும் மிளகாய்த்தூள் என்றால் முக்கால் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள்.

அகன்ற இரும்புத் தாச்சி இருந்தால் எடுங்கள். மண்சட்டி பால்கறிக்கு அருமையானது, ஆனால் இந்த வேலைக்கு வாய் அகன்று சூடு பிடிக்கிற பாத்திரம் வேண்டும். வெறும் தாச்சியை நன்றாகக் காய விடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது உருண்டு ஓடி மறைய வேண்டும். எண்ணெய் விடாமல் காளானில் பாதியை மட்டும் போட்டுப் பரப்புங்கள். ஒன்றின் மேல் ஒன்று குவியக் கூடாது. மூடி போட வேண்டாம், உப்பும் வேண்டாம். நெருப்பு நன்றாக எரியட்டும்.

இனிக் காதைக் கொடுங்கள். போட்டவுடன் சர்ரென்று ஒரு சத்தம். பிறகு ஒரு நிமிடத்தில் சத்தம் அடங்கி, காளான் வேர்த்த மாதிரிப் பளபளக்கும். அடியில் தண்ணீர் கோர்த்துச் சளசளவென்று கொதிக்கும். இந்த இடத்தில்தான் ஆட்கள் பயந்து நெருப்பைக் குறைப்பார்கள். குறைக்க வேண்டாம். அகப்பையால் ஒருமுறை பிரட்டிவிட்டு நில்லுங்கள். மூன்று நாலு நிமிடத்தில் சளசளப்பு மெல்ல மெல்லச் சடசடப்பாக மாறும், தாச்சியின் அடி காய்ந்து தெரியும், காளான் பாதிக்கும் குறைவாகச் சுருங்கியிருக்கும். அதன் பிறகும் ஒரு நிமிடம் விடுங்கள், பிரட்டாமல். ஓரங்கள் தேங்காய்ச் சிரட்டை நிறத்துக்கு வரும், குசினியெல்லாம் இறைச்சி வாட்டுகிற மாதிரி ஒரு மணம் வரும். எடுத்துக் கோப்பையில் வைத்துவிட்டு மற்றப் பாதியையும் இப்படியே செய்யுங்கள். இரண்டு தரம் செய்வது அலுப்பாகத் தெரியும். ஒரே தரத்தில் குவித்துச் செய்தால் அதைவிடக் கூடிய நேரம் எடுக்கும், சிவப்பும் வராது.

கூட நேரம் வைத்தால் கரைந்து குழைந்துபோகுமே என்று நீங்கள் நினைக்கலாம். குழையாது. கத்தரிக்காயும் பூசணிக்காயும் அவிய அவியக் குழைவது அவற்றின் சுவரை ஒட்டி வைத்திருக்கிற பொருள் சூட்டில் கரைவதால். காளானின் சுவர் வேறு. அதைக் கட்டியிருப்பது கைற்றின் என்ற பொருள், நண்டு ஓட்டிலும் இறால் கோதிலும் இருப்பது அதேதான். நண்டு ஓடு கொதித்துக் கரைந்ததை நாங்கள் யாரும் காணவில்லையே. அதனால் காளானைப் பொறுத்தவரை நேரம் கூடுவதால் கெட்டுப்போகாது, தண்ணீருக்குள் கிடந்தால்தான் சவசவக்கும். ஐந்து நிமிடமும் சரி, பத்து நிமிடமும் சரி, கருகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மிச்சம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சமையல்தான். அதே தாச்சியில் எண்ணெய் விட்டுக் கடுகு, பெருஞ்சீரகம், பிறகு வெங்காயம், தட்டிய உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை. வெங்காயம் பொன்னிறமானதும் நெருப்பை நன்றாகக் குறைத்து மஞ்சளும் தூளும் போடுங்கள். எங்கள் தூள் ஏற்கெனவே வறுத்தது, காய்ந்த எண்ணெயில் கண் மூடித் திறப்பதற்குள் கருகிக் கைத்துவிடும். இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, தூள் குழைந்து எண்ணெய் பிரிகிற வரை அரை நிமிடம், ஒரு நிமிடம் வதக்குங்கள். உங்கள் கறியில் பச்சை மணம் நின்றதன் காரணம் இதுதான்: தூள் எண்ணெயில் வதங்காமல் காளான் விட்ட தண்ணீரில் கரைந்துபோனது. தூள் மணத்ததும் வதக்கி வைத்த காளானைக் கொட்டி, இப்போது உப்புப் போட்டுப் பிரட்டுங்கள். சுருங்கின பிறகு போடுவதால் உப்பின் அளவு தப்பாது. அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, நாக்கில் வைத்துப் பார்த்துக் கூட்டுங்கள்.

இரண்டு நிமிடம் பிரட்டி, காளான் துண்டெல்லாம் தூள் பூசிக்கொண்டதும் முதற்பாலை விடுங்கள். தண்ணீர் முழுக்கப் போன காளான் இப்போது காய்ந்த பஞ்சு மாதிரி, பாலையும் தூளையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். முன்பு தண்ணீர் இருந்த இடத்தில் இனி கறியின் ருசி இருக்கும். மெல்லிய நெருப்பில் ஒரு கொதி வந்து சுருண்டு வரும்போதே இறக்கிவிடுங்கள், கூடக் கொதித்தால் பால் திரளும். இறக்கிய பிறகு தேசிப்புளி. அடுப்பில் இருக்கும்போது விட்டால் கைக்கும். கடைசியில் ஒரு சிட்டிகை இடித்த மிளகும் ஒரு கிள்ளுக் கறிவேப்பிலையும் மேலே தூவுவது என் பழக்கம்.

சிவப்பரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரைக் கடையல், இந்தப் பிரட்டல். வெள்ளிக்கிழமைக்கு வேறு ஒன்றும் தேட வேண்டாம். புட்டோடு சாப்பிடுவதானால் பாலைக் கொஞ்சம் கூட்டி ஈரமாக இறக்குங்கள். பருப்பைக் கட்டாயம் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காளான் இறைச்சிக்குச் சமம் என்று சொல்லி விற்கிறார்கள். நானும் விற்கிறவள்தான், ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: பச்சைக் காளான் 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 3 கிராம்தான். கோழி இறைச்சியில் அது 20 கிராமுக்கு மேல். வளர்கிற பிள்ளைகளுக்குக் காளானை மட்டும் நம்பிச் சைவச் சாப்பாடு கொடுக்க வேண்டாம். பருப்போ பயறோ கடலையோ கூட இருக்கட்டும்.

ஆனால் ருசியில் இறைச்சிக்குக் கிட்ட வருவது உண்மை. 1908ஆம் ஆண்டு யப்பானில் இக்கேடா என்ற பேராசிரியர் கடற்பாசிச் சாற்றின் ருசி எதனால் வருகிறது என்று தேடிப் பிரித்தெடுத்த பொருள் குளூட்டமேற். கடையில் அஜினமோட்டோ என்று விற்கிற உப்பு அதிலிருந்து வந்ததுதான். காளானில் அது இயற்கையாகவே இருக்கிறது, தண்ணீர் வற்றும்போது திரண்டு கூடுகிறது. அதனால் இந்தக் கறிக்கு அஜினமோட்டோவோ சூப்புக் கட்டியோ போட வேண்டிய தேவையே இல்லை.

பால் வேண்டாம் என்றால் வறையாகச் செய்யலாம்: அதே போல வாட்டியெடுத்த காளானைச் சின்னதாகக் கிள்ளி, தாளித்த வெங்காயத்தோடு சேர்த்து, ஒரு பிடி தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு இறக்க வேண்டியதுதான். ஒரு கை முருங்கையிலை சேர்த்தால் இன்னும் நல்லது. உறைப்புத் தின்னாத சின்னப் பிள்ளைக்குத் தூளில்லாமல் வெள்ளைப் பால்கறி, இடியப்பத்தோடு. தகரத்தில் வருகிற மொட்டுக் காளானை நான் சொல்ல மாட்டேன். உப்புத் தண்ணீரில் ஊறி ருசியெல்லாம் போயிருக்கும், அதே காசுக்கு எங்கள் பக்கத்தில் பறித்த காளானே வாங்கலாம்.

காளான் சைவமா என்ற கதை வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் அம்மம்மா கடைசி வரை சைவ நாளில் தொடவில்லை, மணம் மச்சம் மாதிரி இருக்கிறது என்பா. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் நாட்களில் வீட்டுச் சட்டி பானையெல்லாம் கழுவி வைப்பார்கள், அப்போது காளானும் சேராது. உங்கள் வீட்டில் மாமியார் அப்படி என்றால் அவருக்கு வேறொரு கறி வையுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

இனிப் புற்றுக் காளான். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழை இடியோடு இறங்கி, காலபோக விதைப்பு முடிந்த நாட்களில், பற்றை ஓரத்துப் புற்றுகளைச் சுற்றி விடியற்காலையில் வெள்ளையாகக் குடை விரிந்து நிற்கும். அம்மா பனையோலைப் பெட்டியோடு போவா, நானும் பின்னால் போவேன். இழுத்துப் பிடுங்க விடமாட்டா. தண்டைச் சுற்றி மண்ணை விரலால் கிளறி, கீழே கீழே போகிற வால் மாதிரியான வேரோடு மெதுவாக எடுப்பா. அந்த வால்தான் அடையாளம் என்பா. அது உண்மை. கறையான் புற்றுக்குள்ளே ஒரு தோட்டம் செய்கிறது. அரைத்துக் கொண்டுபோன இலை, மரத்தூளை அடுக்கி அதில் பூஞ்சணத்தை வளர்த்துத் தின்கிறது. மழைக்கு அந்தத் தோட்டத்திலிருந்துதான் காளான் மேலே வருகிறது, அதனால்தான் அந்த நீண்ட வேர். கறையான் இல்லாமல் அது வளராது, ஆகவே என் கொட்டிலில் அதை வளர்க்க முடியாது. அதன் ருசிக்கு என் சிப்பிக் காளான் கிட்ட நிற்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் நீங்கள் எடுத்துச் சமைக்கலாமா? உங்கள் கேள்வியில், கலியாணம் முடித்து இந்தப் பக்கம் வந்து இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் பதில்: நீங்களாக எடுக்க வேண்டாம். அதே வளவில், அதே புற்றில், பல வருடமாக எடுத்துச் சாப்பிட்டு வருகிற ஒருவர் கூட வந்து இதுதான் என்று காட்டினால் மட்டும். படத்தைப் பார்த்தோ, நான் இங்கே எழுதிய அடையாளத்தைப் பார்த்தோ எடுக்க வேண்டாம். வால் போல வேர் என்று ஒன்றைச் சொன்னேன். மண்ணுக்குள் புதைந்த மரக்கட்டையில் முளைக்கிற வேறு காளானுக்கும் நீண்ட வேர் இருக்கும்.

ஊரில் சொல்கிற சோதனைகளையும் நம்ப வேண்டாம். வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, உள்ளி போட்டு அவித்தால் நிறம் மாறும், பூச்சி தின்றிருந்தால் நல்லது, ஆடு தின்றால் நல்லது என்றெல்லாம் சொல்வார்கள். ஒன்றும் சரியில்லை. மிகக் கொடிய நஞ்சுக் காளான்களின் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது, காய வைத்தாலும் போகாது. பூச்சிக்கு ஒன்றும் செய்யாதது மனிதனைக் கொல்லும். வெப்பமான நாடுகளில் புல்தரையில் அழகாகக் குடை விரிக்கிற ஒரு பெரிய வெள்ளைக் காளான் இருக்கிறது. குடையின் மேலே மண்ணிறப் பொருக்கு, முற்றினால் அடிப்பக்கச் செதிலில் பச்சை பாயும். சாப்பிட்ட சில மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் கடுமையாக வரும். இளசாக இருக்கும்போது அந்தப் பச்சை தெரியாது, அதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

காட்டுக் காளான் சாப்பிட்டு யாருக்காவது வயிற்றைப் பிரட்டினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. மிஞ்சின கறியையும், சமைக்காத துண்டு இருந்தால் அதையும் ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுபோங்கள். முக்கியமாக ஒன்று: சாப்பிட்டு ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துத் தொடங்குகிற வாந்திதான் கூடுதல் ஆபத்து. ஈரலைத் தாக்குகிற நஞ்சு அப்படிப் பிந்தித்தான் காட்டும். அடுத்த நாள் சுகமான மாதிரியும் இருக்கும். அதை நம்பி வீட்டில் நிற்கக் கூடாது. கொட்டிலில் வளர்த்த காளானுக்கு இந்தப் பயம் ஒன்றும் இல்லை. அதைக்கூடப் பச்சையாகத் தின்ன வேண்டாம், சமைத்தே சாப்பிடுங்கள்.

கடைசியாக, வைத்துக்கொள்வது. பறித்த பிறகும் காளான் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மூடின பொலித்தீன் பைக்குள் அந்த ஈரம் வேர்த்து, திரும்பக் காளான் மேலேயே விழுந்து வழுவழுப்பாக்கிவிடும். சந்தையால் வந்தவுடன் பக்கற்றை வெட்டித் திறந்து, கடதாசி விரித்த சுளகில் பரப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி ஒன்று போட்டு, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். கோடையில் ஈர மணல் பரப்பிய தட்டத்தின் மேல் மண்பானை வைத்து அதற்குள் வைத்தால் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும், மாரியில் அது பெரிதாக உதவாது. எப்படி வைத்தாலும் எங்கள் வெக்கைக்கு ஒரு நாளைக்கு மேல் எண்ண வேண்டாம். மஞ்சள் பாய்ந்து, தொட்டால் வழுக்கி, புளித்த மணம் வந்தால் கழுவிப் பார்க்காமல் எறியுங்கள். சமைத்த பிரட்டலை, பால் விட்டதாக இருந்தால் மத்தியானத்தோடு முடித்துவிடுங்கள். இரவுக்கும் வேண்டுமென்றால் காலையில் ஒரு பக்கற், பின்னேரம் ஒரு பக்கற் என்று பிரித்துச் சமையுங்கள்.

கூட வாங்க நேர்ந்தால் காய வைப்பதுதான் வழி. பங்குனி, சித்திரை வெயில் இதற்கென்றே வந்த மாதிரி. கிழித்த காளானைக் கழுவாமல் வலைத்துணியில் இடைவெளி விட்டுப் பரப்பி, நல்ல வெயிலில் காய விட்டு, பொழுதுபடப் பனி படாமல் உள்ளே எடுங்கள். இரண்டு நாளில் ஒடித்தால் சட்டென்று முறிகிற பதம் வரும். வளைந்தால் இன்னும் காய வேண்டும், அப்படியே அடைத்தால் பூசணம் பிடிக்கும். ஒரு கிலோ காய்ந்து 100 கிராம் அளவுக்கு வரும், காற்றுப் புகாத போத்தலில் மாதக்கணக்கில் நிற்கும். வெயிலில் படும்போது காளானில் விற்றமின் டி உண்டாகிறது என்பதும் ஒரு நன்மை. அதற்காகவே, உடனே சமைக்கப்போகிற காளானைக்கூட அரை மணித்தியாலம் செதில் பக்கத்தை மேலே வைத்து முற்றத்து வெயிலில் காட்டிவிட்டு எடுக்கலாம்.

காய்ந்த காளானைச் சமைக்கும்போது இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊற விட்டுப் பிழிந்தெடுங்கள். அதற்குப் பிறகு வெறும் தாச்சியில் ஒரு நிமிடம் வாட்டினால் போதும். ஊறிய தண்ணீரைக் கொட்ட வேண்டாம். அடியில் தங்கின மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் வடித்து, தூள் வதக்கும்போது தெளிக்கிற தண்ணீருக்குப் பதிலாக விடுங்கள்.